0.3 மில்லிமீட்டர் பயம்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இது எல்லாருக்கும் துப்பாக்கி கொடு என்று கேட்கிற கட்டுரை இல்லை. துப்பாக்கியைக் கண்ணாலேயே பார்க்கக் கூடாது என்கிற கட்டுரையும் இல்லை. ஆக, இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத் திட்டப் போகிறீர்கள். திட்டுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். புண்ணியமாகப் போகும்.

விஷயம் இதுதான். 'த்ரீ நாட் த்ரீ' என்று சினிமாவிலும் செய்தித்தாளிலும் அடிபடுமே, அந்த .303 துப்பாக்கியை இந்தியாவில் ஒரு சாதாரணக் குடிமகன் கலெக்டரிடம் லைசென்ஸ் கேட்டு வாங்க முடியாது. அது 'தடை செய்யப்பட்ட துளை' என்ற பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் ஒன்றை வைத்திருந்து மாட்டினால், 2019ல் திருத்திய சட்டப்படி 7 வருஷத்திலிருந்து 14 வருஷம் வரை சிறை.

ஆனால் அதே துப்பாக்கியின் உடன்பிறந்த தம்பி ஒன்று இருக்கிறது. அதே போல்ட், அதே அமைப்பு. குழலின் துளை மட்டும் .303 அங்குலத்துக்குப் பதில் .315 அங்குலம். இதற்கு உங்கள் மாவட்ட ஆட்சியரே லைசென்ஸ் கொடுக்கலாம். செய்து விற்பதும் அரசாங்கத்தின் தொழிற்சாலைதான்.

இரண்டுக்கும் வித்தியாசம் 0.012 அங்குலம். நம்ம கணக்கில் 0.3 மில்லிமீட்டர். தேசத்தின் பாதுகாப்பு அந்த 0.3 மில்லிமீட்டரில் இருக்கிறது என்று நம் சட்டம் நம்புகிறது. நான் நம்பவில்லை. ஏன் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பாடம்

என்.சி.சி.யில் இருந்த நண்பர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு: போல்ட் என்பது வேறொன்றும் இல்லை, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு இரும்புத் தண்டு. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட ரவையின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே இறக்கினால் தாழ்ப்பாள் போட்டாச்சு. இப்போது விசையை அழுத்தலாம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இந்த நாலு வேலையையும் கையாலேயே செய்ய வேண்டும். ஏ.கே.47 மாதிரி விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கொட்டாது.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த இந்த போல்ட்டை வைத்து 1888ல் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. 1895ல் அது லீ என்ஃபீல்டு ஆனது. இரண்டு உலகப் போர்களிலும் நம் ஊர் சிப்பாய்கள் சுமந்தது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான். வங்காளத்தில் இஷாப்பூரில் 1904ல் ரைபிள் தொழிற்சாலை ஆரம்பித்து, இங்கேயே செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் செய்தார்கள். 1960களில் அதே உடம்பில் 7.62 மி.மீ. தோட்டா போடுகிற மாதிரிகூட ஒன்று செய்தார்கள்.

போர் முடிந்ததும் உலகம் முழுக்க இந்த மாதிரித் துப்பாக்கிகள் மலை மலையாகக் குவிந்துவிட்டன. லீ என்ஃபீல்டு, ஜெர்மனியின் மவுசர், இத்தாலியின் கார்கானோ, எல்லாம் கொள்ளை மலிவு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் வேட்டைக்காரர்கள் இவற்றை வாங்கி, முன்பக்க மரத்தை அறுத்து, குழலைக் குட்டையாக்கி, பயனெட் மாட்டும் கொக்கியைக் கழற்றி, மேலே ஒரு தொலைநோக்கியைப் பொருத்தி, மான் வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து வாளும் அரமும் வைத்துச் செய்தவர்களும் உண்டு. பர்மிங்காமில் பார்க்கர் ஹேல் மாதிரி கம்பெனிகள் ஒழுங்காகச் செய்து விற்றன.

இந்த மலிவுச் சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1963ல் கென்னடியைக் கொன்றது தபாலில் வாங்கிய பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி. தொலைநோக்கியோடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். 1968ல் அமெரிக்கா, ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியது. பின்னால் 1980களில் பழம்பொருள் என்ற பெயரில் கொஞ்சம் திறந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'பழைய துப்பாக்கிதானே, பாவம், என்ன செய்யும்' என்கிற ஆட்களுக்காக. பழைய துப்பாக்கியும் கொல்லும். அதைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் இல்லை.

தம்பி பிறந்த கதை

சரி, நம் ஊர் .315 எங்கிருந்து வந்தது? வேட்டைக்கு நல்லது என்று யாரும் யோசித்துச் செய்தது இல்லை. பயத்தில் பிறந்த பிள்ளை அது.

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு ஒரே கவலை, இந்தியன் கையில் நல்ல துப்பாக்கி போய்விடக் கூடாது. லிட்டன் பிரபு காலத்தில், 1878ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்தால் குற்றம். ஐரோப்பியனுக்கு விலக்கு. தோல் நிறத்தைப் பார்த்துச் சட்டம்!

அதற்கப்புறம் அடுத்த யோசனை வந்தது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் போதுமா? தோட்டா? ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடு போனால், அதைப் போட்டுச் சுடத் துப்பாக்கி வெளியே இருக்கக் கூடாது. ஆகவே ராணுவம் பயன்படுத்துகிற துளையில் தனியார் துப்பாக்கியே இருக்கக் கூடாது. .303 போச்சு. 1907 வாக்கில் .450 துளைக்கும் தடை வந்தது. யானை, புலி வேட்டைக்குப் போன துரைமார்களே திண்டாடிப்போனார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் அவசர அவசரமாக .465, .470 என்று புதுத் துளைகளைக் கண்டுபிடித்தன. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் பேர் சொல்கிற .470 தோட்டா பிறந்ததற்குக் காரணம் இந்தியாவைப் பற்றிய பயம்!

அதே நேரத்தில் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி லீ போல்ட்டில் ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தின் 8 மி.மீ. தோட்டாவை அடிப்படையாகக் கொண்ட ஒரு குழலைப் பொருத்தியது. அதுதான் .315. இந்தியாவில் எந்த ராணுவக் கிடங்கிலும் அந்தத் தோட்டா கிடையாது, ஆகவே ஆபத்தில்லை. வேடிக்கை என்னவென்றால், 1914ல் அதே ஆஸ்திரியா-ஹங்கேரியோடு பிரிட்டன் சண்டைக்குப் போனது. எதிரி ராணுவத்தின் தோட்டாவைப் போட்டு மான் சுடலாம், சொந்த ராணுவத்தின் தோட்டாவைத் தொடக் கூடாது.

இன்னொரு கூத்தும் கேளுங்கள். இதே என்ஃபீல்டு துப்பாக்கியை .410 துளைக்கு மாற்றி, தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தில் கட்டையை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கி, காவலர்கள் கையில் கொடுத்தார்கள். தன் சம்பளம் வாங்குகிற போலீஸ்காரனைக்கூட முழுசாக நம்பவில்லை வெள்ளைக்காரன்.

அவன் தரப்பில் நின்று பார்த்தால், இதெல்லாம் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆளுகிறவனுக்கும் ஆளப்படுகிறவனுக்கும் பகை இருக்கும்போது இப்படித்தான் யோசிப்பான். என் கேள்வி: 1947க்குப் பிறகு நாம் ஏன் இப்படி யோசிக்கிறோம்?

குடியரசின் துளைப் பட்டியல்

1959ல் புது ஆயுதச் சட்டம் போட்டோம். 1962ல் அமலுக்கு வந்தது. 2016ல் விதிகளைத் திரும்ப எழுதினோம். 2019ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். இத்தனை தடவை பேனாவை எடுத்தும், .303 என்ற எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த அடைபட்ட .410 மஸ்கட்கூடப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

தோட்டா திருட்டு என்ற காரணம் இன்றைக்கு நிற்குமா? ராணுவம் .303ஐ எப்போதோ விட்டுவிட்டது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு எதிரே நம் காவலர்களிடம் இருந்தது .303. அதைப் பார்த்த பிறகுதான் பல மாநிலங்களுக்கு இது பழசு என்று உறைத்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில் இதற்கு மரியாதையோடு பிரியாவிடையே கொடுத்தது. போலீஸ்காரருக்கே போதாது என்று ஓய்வு கொடுத்த துப்பாக்கி, குடிமகன் கையில் மட்டும் ராணுவ ரகசியமா?

'சக்தி வாய்ந்த தோட்டா, அதனால் தடை' என்பீர்கள். அப்படியும் இல்லை. .30-06 என்று ஒரு தோட்டா இருக்கிறது. 1906ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது. .303ஐவிட வேகம் அதிகம், வலு அதிகம். அது இந்தியாவில் தடைப் பட்டியலில் இல்லை! இஷாப்பூர் தொழிற்சாலையே அந்தத் துளையில் பொதுமக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்திருக்கிறது. ஆக, வலு குறைந்தது தடை, வலு கூடியது லைசென்ஸில். இதைத் தர்க்கம் என்று சொல்கிறவர்களை என்னிடம் அனுப்பிவையுங்கள், நான் கும்பிட்டுக்கொள்கிறேன் :-)

'குற்றம் நடக்காமல் தடுக்கிறதே' என்பது அடுத்த வாதம். வடஇந்தியச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு 'கட்டா' தெரியும். கொல்லுப்பட்டறையில் ஸ்டியரிங் ராடையும் தண்ணீர்க் குழாயையும் வைத்துச் செய்கிற கள்ளத் துப்பாக்கி. உ.பி., பீகாரில் பிடிபடுகிற கட்டாவில் எந்தத் துளை என்று பாருங்கள். '.315 போர்' என்று திரும்பத் திரும்ப வரும். காரணம் எளிது. கடையில் சட்டப்படி விற்கிற ரைபிள் தோட்டா அதுதான், அது கசிகிறது, கசிகிற தோட்டாவுக்கு ஏற்றபடி பட்டறைக்காரன் குழல் செய்கிறான். .303க்குப் போட்ட பூட்டு குற்றத்தைத் தடுக்கவில்லை, அடுத்த கதவுக்கு அனுப்பி வைத்தது. அங்கே கவனிக்க வேண்டியது தோட்டா விற்பனைக் கணக்கு. அந்த அலுப்பான வேலையைச் செய்யாமல், துளையை அளந்துகொண்டிருக்கிறோம்.

காவிரி பிறக்கிற ஊரும் கலக்கிற ஊரும்

சட்டம் துளையைப் பார்ப்பது போதாதென்று, சில இடத்தில் பிறப்பையும் பார்க்கிறது. காவிரி பிறக்கிற குடகில், குடவர் சமூகத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 1861ல், 'இவர்கள் விசுவாசமானவர்கள்' என்று வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை. 2019ல் நம் அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. அவர்கள் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள், அந்தப் பண்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி சட்டத்திடம். காவிரி பிறக்கிற இடத்தில் பிறந்தால் நம்பகமானவன், அதே காவிரி கடலில் கலக்கிற எங்கள் பூம்புகாரில் பிறந்தால் சந்தேகத்துக்குரியவனா? விசுவாசம் என்ற அளவுகோலை விக்டோரியா மகாராணி காலத்தில் செய்தார்கள். அதை வைத்து இன்னும் அளக்கலாமா?

இங்கே என் நண்பர்களில் சிலர் விசிலடிப்பார்கள். 'அப்படிப் போடு! எங்களுக்கும் கொடு!' என்பார்கள். பொறுங்கள். இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

'ஆயுதம் எங்கள் உரிமை' அன்பர்களுக்கு

உங்கள் கையில் எப்போதும் இருக்கிற சீட்டு காந்தி. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியதுதான் வெள்ளைக்காரன் செய்த பெரிய பாவம் என்ற பொருளில் காந்தியே சொல்லியிருக்கிறார் என்பீர்கள். சொன்னார். எங்கே, எதற்குச் சொன்னார்? 1918ல், குஜராத்தில், முதல் உலகப் போருக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேருங்கள் என்று ஆள் திரட்டப் போன துண்டறிக்கையில். வீட்டுக்கு வீடு ரைபிள் வேண்டும் என்று கேட்டது இல்லை அது. பாதியை அறுத்துவிட்டு மீதியைக் காட்டுவதை, துப்பாக்கியில் செய்தால் குற்றம். மேற்கோளில் செய்தால் மட்டும் பரவாயில்லையா?

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது, உண்மைதான். அதுவும் 'விதிகளுக்கு உட்பட்டு' என்ற கட்டோடு இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையாக்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார். திருத்தம் தோற்றது. ஏன் தோற்றது என்று புரியாவிட்டால், டெல்டாவுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்கு நிலக்கிழார்களின் ஆட்கள் வந்தார்கள். துப்பாக்கியோடு வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் போய் ஒளிந்தவர்களை வைத்து அந்தக் குடிசையைக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களைப் பின்னால் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இந்த மண்ணில் துப்பாக்கி யார் கையில் இருந்தது, யாரைப் பார்த்து நீண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 'கொடுங்கோலனிடமிருந்து காத்துக்கொள்ள ஆயுதம்' என்கிறீர்களே, எங்கள் ஊரில் ஆயுதம் வாங்கக் காசும் செல்வாக்கும் இருந்தது யாருக்கு? லைசென்ஸ் மனுவில் சொத்து விவரம், பாதுகாப்புக்கான தேவை என்று எழுதச் சொன்னால், அது தானாகவே மிராசுதார் பக்கம்தான் சாயும். நடவு நட்ட கைக்கு அது எந்தக் காலத்திலும் வரப் போவதில்லை. சந்தையைத் திறந்துவிட்டால் துப்பாக்கி சமமாகப் பரவும் என்று நினைப்பது, நிலமே சமமாகப் பரவாத ஊரில் நல்ல நகைச்சுவை.

அடுத்த சீட்டு, 'பயிர்ப் பாதுகாப்பு'. 1959 சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தீர்களா? நிஜமான பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அது முதலில் சொல்வது, வாய் வழியாகக் கருமருந்தும் பரலும் போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கியை. விவசாயிக்கு அது போதும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்! அதைக் கேலி செய்யலாம். ஆனால் அதற்குப் பதிலாக .303 தேவை என்று சொன்னால், அதையும் கேலிதான் செய்வேன்.

டெல்டா விவசாயிக்கு முதல் எதிரி எலி. அதற்குத் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. மூங்கிலும் கயிறும் வைத்துக் கட்டியது, ராத்திரி வைத்தால் காலையில் எலி. த்ரீ நாட் த்ரீ வைத்து எலி சுடப் போகிறீர்களா? பன்றித் தொல்லை இருக்கிற இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு வழிமுறை வந்திருக்கிறது. 2022ல் கேரளம் உள்ளாட்சித் தலைவர்கள் மூலமாக லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுட அனுமதிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. போதுமா போதாதா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்த விவாதம் ரைபிளைப் பற்றியது இல்லை.

ஏன் என்றால், இந்த ஊரின் தரையைப் பாருங்கள். என்ஃபீல்டு துப்பாக்கியின் குறிகாட்டியில் 2000 கஜம் வரை கோடு போட்டிருக்கும். 1.8 கிலோமீட்டர்! குடகு மாதிரி மலைச்சரிவு இருந்தால், தவறிய குண்டு மண்ணில் போய்ப் புதையும். எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டு மாதிரி வயல். அந்த 1.8 கிலோமீட்டருக்குள் களை எடுக்கிற பெண்கள், ஆடு மேய்க்கிற சிறுவர், டீக்கடை, பள்ளிக்கூடம், இரண்டு மூன்று தெரு எல்லாம் வந்துவிடும். குறி தவறுவதற்கு இங்கே இடமே இல்லை. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்க வேண்டாம், வரப்பில் நின்று பார்த்தால் போதும்.

அப்படியானால் நான் என்னதான் கேட்கிறேன்?

நான்கே நான்கு.

ஒன்று. துளையின் எண்ணை வைத்துத் தடை செய்வதை நிறுத்துங்கள். தானாகச் சுடுமா, பாதி தானாகச் சுடுமா, ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்க வேண்டுமா, எத்தனை தோட்டா கொள்ளும், தோட்டாவின் வலு என்ன, இதையெல்லாம் வைத்து வகைப்படுத்துங்கள். ராணுவமோ துணைப்படையோ இன்றும் பயன்படுத்துகிற தோட்டா என்றால், பழைய காரணம் நிற்கிறது, தடை இருக்கட்டும். பயன்பாடு போன தோட்டாவைப் பட்டியலிலிருந்து எடுங்கள். .315ஐ எந்தக் கண்டிப்போடு பார்க்கிறீர்களோ, .303ஐயும் அதே கண்டிப்போடு பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூடத் தளர்த்தச் சொல்லவில்லை.

இரண்டு. லைசென்ஸ் கொடுக்கும்போது துளையை அளப்பதற்கு முன்னால் ஆளை அளந்து பாருங்கள். சொத்து எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையை அடிக்கிறவனா, ஜாதிக் கலவரத்தில் பேர் இருக்கிறதா, குடித்துவிட்டுத் தெருவில் இறங்குகிறவனா என்று கேளுங்கள். தேர்தல் வந்தால் மட்டும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறோம். தேர்தல் இல்லாத நாளில் நம் ஊர் ரொம்ப சாந்தமாக இருக்கிறது என்று யார் சொன்னது?

மூன்று. ஓய்வுபெற்ற .303களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உலையில் போடாதீர்கள். அறுக்கவும் அறுக்காதீர்கள். (சட்டத்தின் 6ஆம் பிரிவு அனுமதி இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவுக்கு நான் ரசிகன்.) அறுப்பதில் லாபமும் இல்லை. வெளிநாட்டில் அன்று மான் வேட்டைக்காக அறுத்தவர்களின் துப்பாக்கியை விட, அறுக்காமல் விட்ட துப்பாக்கிக்குத்தான் இன்று விலை அதிகம். மெசபடோமியாவிலும் பர்மாவிலும் நம் தாத்தாக்களுக்குத் தாத்தாக்கள் தூக்கிக்கொண்டு நடந்த பொருள் இது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் 1650 ரவைகளைக் கக்கியதும் இதே துப்பாக்கிதான், விசையை அழுத்தியதும் இந்திய ராணுவச் சிப்பாய்களின் விரல்தான். பெருமையும் அவமானமும் ஒரே மரக்கட்டையில் ஒட்டியிருக்கிறது. செயலிழக்கச் செய்து ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் ஒன்று வையுங்கள், கீழே இந்த இரண்டு கதையையும் எழுதி வையுங்கள்.

நான்கு. இதுதான் எனக்கு நெருக்கமானது. நல்ல நிலையில் இருக்கிற கொஞ்சம் துப்பாக்கிகளைத் துப்பாக்கி சுடும் சங்கங்களின் பூட்டிய கிடங்கில் வைத்து, அங்கேயே சுட்டு, அங்கேயே திருப்பி வைக்கிற ஏற்பாடு செய்யுங்கள். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்றே போட்டி நடக்கிறது.

ஏன் நெருக்கம் என்கிறேன்? என்.சி.சி.யில் .22 துப்பாக்கியை வைத்து 25 கஜத்தில் குப்புறப் படுத்துச் சுடுகிறோம். எண்ணிக் கொடுத்த நாலைந்து தோட்டா. மூச்சை அடக்கி, கண்ணையும் விரலையும் ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துகிற அந்த ஒரு நிமிஷத்தில் கிடைக்கிற அமைதி, அனுபவித்தவனுக்குத் தெரியும். அதற்குள் வருஷம் முடிந்துவிடும். அதற்கப்புறம்? அபினவ் பிந்த்ரா 2008ல் தங்கம் வாங்கியதிலிருந்து இந்த விளையாட்டுக்கு மரியாதை வந்துவிட்டது. 2022ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தபோது கூடிய கூட்டத்தைப் பார்த்தோம். ஆனால் போட்டித் தரத்தில் ஒரு ஏர் ரைபிள் வாங்க லட்சக்கணக்கில் வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர் மகளுக்கும், மூன்று மா நிலத்தில் குறுவை போடுகிறவர் மகனுக்கும் எந்தச் சங்கம் கதவைத் திறக்கும்? அரசாங்கம் கிடங்கில் துருப்பிடிக்கவிட்டு அப்புறம் உருக்கப் போகிற பொருளில் நூறில் ஒன்றை, பயிற்சியாளர் கண் முன்னால், மேட்டு மண் அணைத்த ஒரு மைதானத்தில் அவர்கள் கையில் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

இதற்கு வரப் போகிற பதில் எனக்குத் தெரியும். 'ரிஸ்க்' என்பார்கள். பூட்டிய கிடங்கில், எண்ணிய தோட்டாவோடு, பயிற்சியாளர் பார்வையில் இருக்கிற ஒரு பழைய துப்பாக்கி ரிஸ்க். செல்வாக்குள்ளவர் வீட்டுப் பீரோவில், கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கென்றே இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கி ரிஸ்க் இல்லை. அது கௌரவம்.

வெள்ளைக்காரன் துளையை அளந்ததற்குக் காரணம், அவனுக்கு ஆள் யாராக இருந்தாலும் ஒன்றுதான். எல்லா இந்தியனும் சந்தேகத்துக்குரியவன். ஆளுக்கு ஆள் பார்த்து யோசிக்க வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. நம்மைப் பார்த்து நாமே பயந்துகொண்டு, எழுபது எண்பது வருஷமாக அவன் விட்டுப்போன அளவுகோலையே பிடித்துக்கொண்டிருந்தால், கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கி கொண்டுபோனவனையும் அது தடுக்காது, மைதானத்துக்கு வர நினைக்கிற பிள்ளையையும் அது விடாது. இதுவரை அது செய்திருப்பது அந்த இரண்டு வேலையைத்தான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக வாருங்கள். .303க்குத் தடை, .30-06க்கு லைசென்ஸ் என்பதற்கு மட்டும் ஒரு நியாயமான காரணம் கையோடு கொண்டுவாருங்கள். டீ என் செலவு.